கடல் கடந்து வரும் வண்டித் தகடுகள்

மோட்டார் வண்டியொன்று முதுமை எய்தும்போது அதன் எஞ்சினே முதலிற் கெடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. தேய்ந்த பிஸ்டனை மாற்றலாம். சிலிண்டரைக் கடைந்து புதுக்கலாம். வண்டியின் ஆயுளை வரையறுப்பது அதன் உடலேயாகும். மட்காட்டின் மடிப்பிலும் கதவின் அடிவிளிம்பிலும் சேறு தங்குகின்றது. தங்கிய சேறு ஈரத்தை விடாது பற்றி வைத்திருக்கின்றது. உப்புக் காற்று வீசும் கரையோரமாயின் துரு இன்னும் விரைவாகப் பரவுகின்றது. தகடு ஒட்டுப் போட முடியாத நிலையை அடைந்ததும், உரிமையாளர் பிறநாடுகளிலிருந்து புதுத் தகடு தருவிக்க முற்படுகின்றார்.

அவ்வாறு தருவிப்பதில் உள்ள வழிகளையும் இடர்களையும் ஓர் உதாரணத்தைக் கொண்டு இன்று ஆராய்வோம். அவ்வுதாரணம் மொறிஸ் மைனர் பிக்கப் வண்டி.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மொறிஸ் மைனர் கார் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் வான் வண்டியும் பிக்கப் வண்டியும் 1953 இல் தோன்றின. 1971 வரை அவை உற்பத்தியாயின. எல்லா வகையும் சேர்ந்து 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவை இத்தகைய வர்த்தக வண்டிகள்.

காருக்கும் பிக்கப்புக்கும் அமைப்பில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. காரில் உடலே எலும்புக்கூடுமாகும். தனிச் சேசி இல்லை. பிக்கப்பிலோ பாரத்தைத் தாங்குவது தனிச் சேசி. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கின்றது. ஆகவே, தகடு முழுவதும் உக்கிய பிக்கப்பையும் மீட்டெடுக்கலாம். ஆனால், சேசி உக்கியிருப்பின் மேலே புதுத் தகடு பூட்டுவதாற் பயனில்லை. பார்வைக்கு அழகான அவ்வண்டி பாரத்தோடு ஓடுகையில் முறியக்கூடும். பணம் அனுப்புமுன் சேசியைச் சுத்தியலாலும் கூரிய கம்பியாலும் தட்டிக் குத்திப் பரிசோதிப்பதே முதற் கடமை.

இரண்டாவது கடமை, வேண்டிய உறுப்பு எதுவென்று ஐயமின்றி அறிதல். பிக்கப்பின் முன்பாதி பெரும்பாலும் காரின் முன்பாதியே. பொனற், முன் மட்காட், கதவு ஆகியவை இரு கதவுக் காருக்கும் பொதுவானவை. ஆகையால் இவற்றைத் தேடுவோர் பிக்கப் என்ற பெயரை மாத்திரம் பற்றிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஓட்டுநர் அறையின் பின்தகடு, பாரப் பெட்டியின் பக்கங்கள், பின்பலகை என்பனவோ பிக்கப்புக்கே உரியவை. இவை அரியவை, ஆதலால் விலையும் மிகுதி.

பொதுவான உறுப்பிலும் ஆண்டு வேறுபாடு உண்டு. 1954 இன் பிற்பகுதியில் முன்புறக் கம்பித் தட்டி கிடைச் சட்டங்களாக மாற்றப்பட்டது. அத்தட்டியின் அருகிலிருந்த சிறு விளக்குகள் மட்காட்டுக்கு இடம் பெயர்ந்தன. 1956 இல் நடுவே பிளவுபட்டிருந்த முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியாயிற்று. 1963 இல் மட்காட் விளக்குகள் பெரியனவாயின. ‘மொறிஸ் மைனர் முன் மட்காட் ஒன்று’ என்று மாத்திரம் எழுதி அனுப்புபவருக்கு, விளக்குத் துளை பொருந்தாத மட்காட் வந்து சேரலாம். அதனைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையையே விஞ்சிவிடும். எனவே, வண்டியின் ஆண்டையும் சேசி இலக்கத்தையும் எழுதுக. பழைய உறுப்பின் நிழற்படத்தையும், துளைக்குத் துளை எடுத்த அளவுகளையும் உடன் அனுப்புக.

இனி, இவ்வுறுப்புகள் எவ்வாறு கிடைக்கின்றன என்பதை நோக்குவோம். முதலாவது வகை, அக்காலத்தில் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு விற்பனையாகாது கிடந்த சரக்கு. இது நன்கு பொருந்தும். ஆயின் வரவர அருகி வருகின்றது. இரண்டாவது, புதிதாக அச்சிலிட்டு அழுத்திய தகடு. இதன் தரம் செய்வோரைப் பொறுத்தது. தகட்டின் தடிப்பு எவ்வளவு, துளைகள் இடப்பட்டுள்ளனவா, உட்புறத் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, கண்ணாடியிழையால் வார்த்தது. இது துருப்பிடிக்காது, பாரமும் குறைவு. எனினும் மோதினால் நெளியாது வெடிக்கும். நான்காவது, கழித்த வண்டியிலிருந்து எடுத்தது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் மைனர்கள் பெருவாரியாக ஓடின. வறண்ட உள்நாட்டுப் பகுதியிற் கிடந்த வண்டியின் தகடு துருவுக்குப் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

அடுத்தது பயணச் செலவு. மட்காட் பாரத்திற் சிறியது, உருவத்திற் பெரியது. விமானத்தில் இத்தகைய பொருளுக்குக் கட்டணம் உருவத்தைக் கொண்டே கணிக்கப்படும். 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 அகலமும் 50 உயரமும் உள்ள பெட்டியின் கனவளவு 3,60,000 கன சென்ரிமீற்றர். வழக்கப்படி அதனை 6,000 ஆல் வகுத்தால் 60 வரும். உள்ளே இருப்பது சில கிலோ தகடேயாயினும் 60 கிலோவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். கப்பலிலோ பெரும்பாலும் 1 கன மீற்றரே மிகக் குறைந்த அளவாகக் கொள்ளப்படும். மேற்கூறிய பெட்டிகள் இரண்டு அதற்குள் அடங்கும். ஆகவே, இருவர் கூடித் தருவிப்பின் செலவு பாதியாகும்.

மரப்பெட்டியாயின், அம்மரம் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதென்பதைக் காட்டும் முத்திரை அல்லது அதற்கு ஒப்பான பரிகரிப்பு முத்திரை வேண்டும். இன்றேல் துறைமுகத்தில் தடை நேரலாம். சுங்கத் தீர்வை பொருளின் விலைக்கு மாத்திரமன்றி, காப்புறுதியும் கப்பற் கூலியும் சேர்ந்த தொகைக்கே விதிக்கப்படுகின்றது. இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுவன. ஆதலின் அவற்றை முன்னரே விசாரித்தல் நன்று. பொருள் வந்ததும் வர்ணம் பூசுமுன் வண்டியில் வைத்துப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். வர்ணம் பூசியதை விற்றவர் மீள ஏற்பது அரிது.

நேயர்களே, இவ்வணிகத்தில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. மொறிஸ் மைனர்கள் ஒரு காலத்தில் இலங்கையின் வீதிகளெங்கும் ஓடின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இருந்த வண்டியைக் காப்பாற்றுவதே வழியாயிற்று. தகட்டைத் தட்டி உருவாக்கும் கைவினைஞர் அத்தேவையாற் பெருகினர். அதேவேளை இங்கிலாந்தில் உற்பத்தி நின்று, தகட்டுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பாத் நகரில் 1976 இல் மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து இங்கே தொழிற்கூடம் அமைத்தார். அதில் உருவான தகடுகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. வண்டியைச் செய்து அனுப்பிய நாடு, அதன் உறுப்புக்காக நம்மை நாடியது!

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிறநாட்டுப் பொருள் என்பதனாலேயே அது சிறந்ததாகிவிடாது. வளைவு மிகுந்த முன் மட்காட்டைத் தருவிப்பது தகும். நேர்த்தகடாகிய பாரப் பெட்டியின் பக்கத்தை ஊர்ப் பட்டறையிலேயே செய்விக்கலாம். எதனைக் கடல் கடந்து தேடுவது, எதனை அயலிற் செய்விப்பது என்று பகுத்தறிபவரே பணத்தையும் காப்பார், வண்டியையும் காப்பார். அயலிலுள்ள கைவினைஞனின் தொழிலும் அதனால் வாழும்.