மிளகு வைத்த பேரீச்சை, பெருங்காய ஜாடி: பழைய ரோமாபுரிச் சமையல்



இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ரோமாபுரிப் பணக்காரர்கள் என்ன சாப்பிட்டாங்க? அதைச் சொல்ல ‘அபிசியஸ்’ என்ற லத்தீன் சமையல் புத்தகம் இருக்கு. அபிசியஸ் என்பவர் சாப்பாட்டுக்குப் பேர்போன ஒரு செல்வந்தர். அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்துத் தொகுத்த இந்தப் புத்தகத்தில் 450-க்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகள் உள்ளன. அந்த வீடுகளில் அடுப்படியில் வெந்தவர்கள் அடிமைகள். ஆனால் புத்தகத்துக்குக் கிடைத்த பெயர் முதலாளியின் பெயர்.

ஜாடியில் வளர்த்த எலி

அணில் மாதிரி வாலுள்ள ஒருவகைக் காட்டெலி அவர்களுக்குப் பெரிய விருந்து. காற்றுக்கு ஓட்டை போட்ட மண்ஜாடிக்குள் அதை இருட்டில் அடைத்து, வால்நட், ஓக் மரக்கொட்டை போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு பன்றிக்கறியை மிளகு, பெருங்காயம், பருப்பு, மீன்சாறு சேர்த்து இடித்து, எலியின் வயிற்றில் அடைத்துத் தைத்து, ஓட்டின் மேல் வைத்து அடுப்பில் சுடுவார்கள். ஆடம்பரம் அதிகமாகிறது என்று கி.மு. 115-ல் இதற்குத் தடைச்சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் எலி விருந்து நிற்கவில்லை.

பெருங்காயத்தில் ஒரு சிக்கனம்

முதலில் அவர்கள் பயன்படுத்தியது, இன்றைய லிபியாவில் முளைத்த சில்பியம் என்ற செடியின் பால். அந்த நிலத்தில் ஆடுகளை மேயவிட்டதால் செடியே அற்றுப்போனது என்று பிளினி என்பவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாகத்தான் பாரசீகப் பக்கமிருந்து பெருங்காயம் வந்தது. விலை அதிகம். அதனால் ஒரு யுக்தி செய்தார்கள். கண்ணாடி ஜாடியில் பெருங்காயத்தோடு 20 பைன் பருப்புகளைப் போட்டு மூடி வைப்பார்கள். வாசனை பருப்பில் ஏறிவிடும். சமைக்கும்போது பெருங்காயத்தைத் தொடாமல், சில பருப்பை மட்டும் எடுத்து நசுக்கிப் போடுவார்கள். எத்தனை எடுத்தார்களோ அத்தனை புதுப் பருப்பை உள்ளே போட்டுவிடுவார்கள். சிக்கனம் ஏழைக்கு மட்டும் சொந்தமில்லை, பார்த்தீங்களா!

நம் வீட்டில் செய்து பார்க்க

1. மிளகுப் பேரீச்சை: கொட்டை எடுத்த பேரீச்சைக்குள் உடைத்த பருப்பையோ மிளகுப் பொடியையோ வைத்து மூடுங்கள். மேலே லேசாக உப்பைத் தடவுங்கள். தேனைச் சூடாக்கி, அதில் புரட்டி எடுங்கள். அவ்வளவுதான். நிலக்கடலை வைத்தாலும் நல்லா இருக்கும்.

2. பால் முட்டைப் பணியாரம்: அரை லிட்டர் பாலில் இனிப்புக்கு வேண்டிய தேனைக் கலந்து, 5 முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக அடித்து வடிகட்டுங்கள். மண்சட்டியில் ஊற்றி இளந்தீயில் உறையவிடுங்கள். இட்லிப் பானையில் ஆவியில் வைத்தாலும் உறையும். இறக்கியதும் மேலே மிளகுப் பொடி தூவுங்கள். (ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதுவும் தரக் கூடாது.)

இனிப்பில்கூட மிளகா என்று கேட்கலாம். அந்த மிளகு சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனது. அதற்கு விலையாக வந்த ரோமாபுரிக் காசுகள் கோவை, கரூர் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன.

ஜாடியில் ஒரு பெண்ணின் பெயர்

எலிக்கறியில் சேர்த்த மீன்சாறு ‘காரும்’ எனப்பட்டது. வேறெதற்கும் உதவாத மீன்குடலையும் பொடிமீனையும் உப்போடு தொட்டியில் அடுக்கி, மாதக்கணக்கில் வெயிலில் ஊறவிட்டு வடித்தெடுப்பார்கள். ரோமாபுரிச் சமையலில் பெரும்பாலும் உப்புக்குப் பதில் இதுதான். கழிவு என்று ஒதுக்கியது காசாக மாறியது.

இத்தாலியின் பொம்பேயி நகரத்தில் இந்தத் தொழில் பெரிதாக நடந்தது. கி.பி. 79-ல் எரிமலை வெடித்து ஊரே சாம்பலில் புதைந்தது. தோண்டியெடுத்த காரும் ஜாடிகளில், என்ன சரக்கு, யார் செய்தது என்று மையில் எழுதியிருக்கிறது. சில ஜாடிகளில் உள்ள பெயர் உம்பிரிசியா பார்ச்சுனாட்டா. ஒரு பெண்! அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெரிய விருந்துகளைச் சமைத்த எத்தனையோ கைகளின் பெயர் நமக்குத் தெரியாது. மீன்சாறு விற்ற இந்தப் பெண்ணின் பெயர் தெரிகிறது. காரணம், ஜாடியில் எழுதி வைத்தார்கள். ஊறுகாயோ மசாலாப் பொடியோ, நம் குழு செய்து விற்கும் பொட்டலத்திலும் சரக்கின் பெயர், எடை, தேதி, செய்த குழுவின் பெயர் நாலும் மறக்காமல் இருக்கட்டும்.