கோவையில் தேர்வெழுதிய அடிபம்பு

வெளிநாட்டு உதவியால் ஓர் ஊரில் கிணறு தோண்டிவிட்டால் அவ்வூரின் குடிநீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடுமா? தீராது என்பதை நம் நாடு பட்டறிந்தது.

1967ஆம் ஆண்டு பீகார் வறட்சியின்போது, காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் எந்திரங்களை யுனிசெஃப் அனுப்பியது. அதன்பின் கெட்டிப் பாறையிலும் ஆழ்துளைக் கிணறுகள் விரைவாக அமைந்தன. ஆனால் அவற்றில் பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்துக்கு ஏற்றவை. ஊரே அடித்தபோது உடைந்தன. 1970களின் நடுவில் நடந்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ நான்கில் மூன்று பம்புகள் பழுதாகிக் கிடந்தன. மக்கள் மீண்டும் நோய் பரப்பும் திறந்த கிணறுகளுக்கே சென்றனர்.

ஆகவே சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப்பும் இந்திய அரசும் சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து உறுதியான 'இந்தியா மார்க் 2' எஃகுப் பம்பை அமைத்தன.

ஆயினும் ஒரு தொல்லை நீங்கவில்லை. மேலிருந்து உறிஞ்சும் பம்பில் நீரை மேலேற்றுவது வெளிக்காற்றின் அழுத்தமே. அது சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்தாது. கொங்கு நாட்டுப் பாறை வெடிப்புகளிலோ நீர் பெரும்பாலும் அதைவிட ஆழத்தில் நிற்கும். எனவே பிஸ்டன் அடங்கிய உருளையை நீருக்குள்ளேயே இறக்க வேண்டும். குழாயோ பிஸ்டனைவிடக் குறுகலானது. பிஸ்டனின் தோல் வாசர் தேய்ந்தால், 40 மீட்டர்க் குழாயானாலும் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமை அது! லாரியும் ஆட்களும் வரும்வரை ஊர் காத்திருக்கும்.

1983 முதல் 1988 வரை, ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் கோவைப் பகுதிக் கிராமங்களில் இப்பம்பைச் சோதித்தன. தோலுக்குப் பதிலாக வைத்த நைட்ரைல் ரப்பர் வாசர் நெடுநாள் உழைத்தது. குழாயைப் பிஸ்டனைவிடச் சற்றே அகலமாக்கியதும், குழாயை அசைக்காமலே பிஸ்டனை மட்டும் வெளியே இழுக்க முடிந்தது. உள்ளூரில் பயிற்சி பெற்றவரே பழுது பார்க்கலாம். இதுதான் 'இந்தியா மார்க் 3'. அகலக் குழாய்க்கு எடையும் விலையும் அதிகம். ஆகவே அது எல்லா ஊருக்கும் பொருந்தவில்லை. ஆயினும் இவ்விரு வகைப் பம்புகளும் ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்றன.

எனவே, உதவிப் பணத்தில் எத்தனை கிணறுகள் தோண்டினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வாசர் தேய்ந்தால் மாற்றுவது யார், அதற்குப் பணம் தருவது யார் என்றும் கேளுங்கள்.