வயிறு நிறைந்தும் பட்டினி: கடல்மீன் தொட்டியில் உணவும் நோயும்

கடல்நீர்த் தொட்டியில் ஒரு மீன் சோர்ந்து ஒதுங்கினால், வளர்ப்பவர் கை முதலில் மருந்துக் குப்பிக்குத்தான் போகிறது. உப்பளவைப் பார்ப்பார், அமோனியாவைச் சோதிப்பார். இரண்டும் தேவையானவையே. ஆனால் கடந்த ஆறு மாதமாக அந்த மீன் எதைத் தின்று வந்தது என்று யோசிப்பவர் குறைவு. தினமும் ஆவலாக மேலே வந்து தின்ற மீன் சத்துக்குறைவால் செத்தது என்றால் நம்புவதும் கடினம். என்றாலும் அது நடக்கிறது, அடிக்கடி நடக்கிறது.

ஆர்டீமியா மட்டும் போதாது

சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் கடல்மீன் வாங்குபவர்களுக்கு உறைய வைத்த ஆர்டீமியா கட்டிகளையும் சேர்த்துத் தருவார்கள். மீன்கள் அதைப் போட்டி போட்டுத் தின்னும். ஆனால் ஆர்டீமியா உப்பளத்திலும் உப்பு ஏரியிலும் வாழும் உயிர். தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. பவளப்பாறை மீன் தன் இயற்கை வாழ்வில் அதைச் சந்திப்பதே இல்லை. வளர்ந்த ஆர்டீமியாவின் உடலில் பெரும்பகுதி தண்ணீர். கடல்மீனுக்கு இன்றியமையாத டிஹெச்ஏ என்னும் கொழுப்பமிலம் அதில் மிகக் குறைவு.

நன்னீர் மீன்கள் பலவும் தாவரக் கொழுப்பிலிருந்து இத்தகைய அமிலங்களை ஓரளவு தாமே உண்டாக்கிக்கொள்ளும். கடல்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் போதாது. தின்னும் தீனியிலேயே அவை இருந்தாக வேண்டும். அதனால்தான் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்க்கும் பொரிப்பகங்களில் ஆர்டீமியாவுக்கு முதலில் பாசி அல்லது மீன் எண்ணெய்க் கலவையை ஊட்டி, பிறகே குஞ்சுகளுக்குத் தருகிறார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். அதைவிட எளிய வழி, தீனியை மாற்றி மாற்றித் தருவது: பொடியாக நறுக்கிய இறால், கணவாய், கடல்மீன் துண்டு, மைசிஸ் என்னும் சிற்றிறால், தரமான குருணைத் தீவனம்.

குருணைத் தீவனத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தம் உடலில் தயாரிக்க முடியாது. நெடுநாள் கிடைக்காவிட்டால் முதுகெலும்பு வளையும், புண் ஆறாது. திறந்து வைத்த டப்பாவில் முதலில் வீணாவது இந்த வைட்டமின்தான். கொழுப்பும் சிக்கெடுத்துப்போகும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இது இன்னும் விரைவாக நடக்கும். விலை மலிவு என்று பெரிய டப்பா வாங்கி ஒரு வருடம் வைத்திருப்பதைவிட, சிறிய டப்பா வாங்கி இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

சிங்கமீனுக்குத் தங்கமீன்

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. சிங்கமீன் உயிருள்ள இரையைத்தான் தின்னும் என்று சொல்லி, கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்னத் தங்கமீன்களைத் தொட்டியில் விடுகிறார்கள். சிங்கமீன் அவற்றை ஒரே மடக்கில் விழுங்குவதைப் பார்க்கப் பலர் கூடுகிறார்கள். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் அதன் கல்லீரலில் கொழுப்பு படியும். நன்னீர் மீனின் கொழுப்பு கடல்மீனுக்கு ஏற்றதல்ல.

கெடுதல் அதோடு நிற்பதில்லை. தங்கமீன், கெண்டை போன்றவற்றின் உடலில் தையமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், சாஸ்டெக் என்பவரின் நரிப்பண்ணையில் பச்சைக் கெண்டை மீன் தின்ற நரிகள் முடங்கி விழுந்தன. காரணம் இந்த நொதி என்பது பின்னர் தெரிந்தது. அந்த நோய்க்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. மட்டி வகைகள் பலவற்றிலும், நெத்திலி இனத்தில் சிலவற்றிலும் தையமினேஸ் உண்டு. உறைய வைத்தால் அது அழியாது. ஆகவே ஒரே வகை மட்டியையோ ஒரே வகைச் சிறுமீனையோ தினமும் தரக்கூடாது. பசி குறைந்து, நிலைதடுமாறி, சுழன்று நீந்தும் மீனைக் கண்டால் பி1 குறைவையும் சந்தேகியுங்கள்.

சிங்கமீனைப் பழக்கிவிடலாம். இறால் துண்டை ஒரு குச்சியில் குத்தித் தண்ணீரில் அசைத்துக் காட்டினால், சில நாட்களில் பெரும்பாலும் தின்னத் தொடங்கும். வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை போதும்.

முகத்தில் குழி விழும் டாங்

சர்ஜன் மீன் என்றும் அழைக்கப்படும் டாங் வகை மீன்களும் ஓரா மீனும் பாறையில் படரும் பாசியை நாள் முழுக்க மேய்பவை. இவற்றுக்கு இறாலை மட்டும் போட்டால் தின்னும். ஆனால் உடம்பு நலியும். நிறம் வெளிறும், தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழிகள் விழும். இந்தத் தோலரிப்புக்கு நெடுங்காலமாக வைட்டமின் குறைவையும், நீரின் தரத்தையும், ஒட்டுண்ணியையும் காரணமாகச் சொல்லி வந்தார்கள். 2011-இல் ஜே ஹெம்டால் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த வடிகட்டிக் கரி பயன்படுத்திய தொட்டிகளில் சர்ஜன் மீன்களுக்கு இந்த அரிப்பு கடுமையாக வந்தது. ஆகவே தீனி, கரி இரண்டையும் கவனியுங்கள். கரியைத் தூசி போக நன்றாக அலசுங்கள்; முடிந்தால் தூசி உதிராத குருணைக் கரிக்கு மாறுங்கள். உப்பும் மசாலாவும் சேராத நோரி என்னும் கடற்பாசித் தாளை ஒரு கிளிப்பில் மாட்டித் தினமும் தொட்டியில் தொங்கவிடுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் பல மீன்கள் தேறிவிடுகின்றன. ஆழமாகப் போனால் வடு தங்கும்.

வெள்ளைப்புள்ளி வந்தால்

நல்ல தீனி எல்லா நோயையும் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளைப்புள்ளி நோயைத் தருவது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. அது மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் தங்கி, பிறகு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி நூற்றுக்கணக்கில் பெருகும். புள்ளிகள் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மகிழ்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். செப்பு மருந்து, நீந்தி வரும் குஞ்சு நிலையை மட்டுமே கொல்லும். இறால், நத்தை, பவளம் ஆகியவற்றையும் அது கொன்றுவிடும். அதனால் தனித் தொட்டியில், சோதனைக் கருவியால் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். மூலத் தொட்டியில் இரண்டரை மாதம் மீனே இல்லாமல் விட்டால் ஒட்டுண்ணி பட்டினியால் ஒழியும்.

பூண்டுச்சாற்றில் ஊறிய தீனி இதைக் குணமாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சில மீன்களின் பசியை அது தூண்டலாம். ஒட்டுண்ணியை ஒழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. உடம்பில் பொன்தூள் தூவியதுபோல் தெரிந்து, மீன் வேகமாக மூச்சிறைத்தால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

தீனி உதவுவது வேறு இடத்தில். சத்துள்ள உணவு தின்று தேறிய மீன் நோயையும் மருந்தின் கடுமையையும் தாங்கும். புது மீனைக் குறைந்தது நான்கு வாரம் தனித் தொட்டியில் வைக்கச் சொல்வது நோய் வெளிப்படுவதற்காக மட்டுமல்ல. கடலிலிருந்து கடைக்கு வரும்வரை பட்டினி கிடந்த மீனுக்குப் போட்டியில்லாமல் தின்ன அந்த நாட்கள் கிடைக்கின்றன. வேளைக்குக் கொஞ்சமாக, இரண்டு மூன்று நிமிடத்தில் தீரும் அளவே போடுங்கள். மிஞ்சியது அழுகி, அமோனியாவாகி அதே மீனைத் தாக்கும்.

வாங்கும் முன்

சில மீன்களை வீட்டில் வயிறார வளர்ப்பது ஏறக்குறைய இயலாது. மாண்டரின் மீன் கோபிபோடு என்னும் உயிருள்ள நுண்ணிய ஓட்டுயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிர்களை மட்டுமே தின்னும். சிறிய, புதிய தொட்டியில் அவை கண்முன்னே மெலிந்து சாகும். கடல்குதிரையோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வாங்கவே கூடாது. மற்ற மீன்களை வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் எதிரிலேயே தீனி போடச் சொல்லுங்கள். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகுச்சதை உள்வாங்கியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தின்கிறது என்றால், கடைக்காரர் என்ன தீனி தருகிறார் என்று கேட்டு, அதிலிருந்தே தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்ல மற்ற வகைகளைச் சேருங்கள்.