பிரேக் துருப்பிடித்து ஜாம் ஆகிவிட்டதா? வீட்டில் கழற்றும்போது எங்கே நிறுத்த வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை முழுக்க வாசலிலேயே நின்ற கார். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஸ்டார்ட் செய்கிறீர்கள். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் பின்சக்கரம் மட்டும் சுற்ற மறுக்கிறது. திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மெக்கானிக்குக்கு போன் போட்டால், "ஹேண்ட் பிரேக் போட்டே விட்டுட்டீங்களா? ஜாம் ஆகியிருக்கும்" என்பார்.

'வீடியோ பார்த்து நாமே கழற்றிடலாமே' என்று தோன்றும். கழற்றலாம். ஆனால் இது கதவுக் கைப்பிடி இல்லை, பிரேக். எதுவரை நாம் செய்யலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் ஜாம் ஆகிறது?

துருப்பிடித்தல் என்பது ஒரு மின்வேதி வினை. அதனால்தான் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) உலோக அரிப்பையும் ஆராய்கிறது. இரும்பு, ஈரம், ஆக்சிஜன் இருந்தால் துரு வரும். அதில் உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும்.

காற்றில் உப்பு கடற்கரையை ஒட்டித்தான் மிக அதிகம், உள்ளே வர வரக் குறையும். திருக்கழுக்குன்றம் மாமல்லபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் தினமும் ஈ.சி.ஆர். பக்கம் போய்வரும் கார் உப்பைக் கூடவே கொண்டுவந்துவிடும்.

பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் வார்ப்பிரும்பு. உராயும் பரப்பில் பெயின்ட் கிடையாது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். டிரம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளி அடைபட்டால், இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பாதுகாப்பு

• சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்துங்கள். பின்சக்கர வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். எனவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.
• ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். திடீரென நொறுங்கும்.
• ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். மறுபக்கம் பார்த்து மாட்ட உதவும். கழற்றும் முன் போட்டோ எடுங்கள்.
• தூசியை வாயால் ஊதாதீர்கள். மாஸ்க் போட்டு, நனைத்துத் துடையுங்கள்.

கழற்றுவது எப்படி?

அசைத்துப் பாருங்கள்: சக்கரத்தைக் கழற்றும் முன், முதல் கியர், ரிவர்ஸ் என மாற்றி மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 'டக்' என்று விட்டால் நல்லது. ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுத்தால் ஷூவின் லைனிங் பிய்ந்துவிடலாம்.

ஊற விடுங்கள்: துருவைத் தளர்த்தும் ஸ்பிரேயை நட்டின் மரையிலும் ஹப்பின் நடுவிலும் அடித்து, ஓர் இரவு விடுங்கள். டபிள்யூ.டி.-40 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. 40-வது முயற்சியில் கிடைத்ததால் அந்தப் பெயர். நாள்பட்ட துருவுக்கு, இடுக்கில் ஊடுருவுவதற்கென்றே தயாரித்த எண்ணெய் மேல். பேட், ஷூ, டிஸ்க் பரப்பில் மட்டும் படக்கூடாது.

சரியான சாக்கெட்: ஆறு முனை சாக்கெட்டே நல்லது. வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். இப்படி மாறி மாறிச் செய்தால் மரை தப்பிக்கும்.

டிரம்: பல கார்களின் டிரம்மில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான இரண்டு போல்ட்டுகளை மாறி மாறிச் சமமாக முடுக்கினால், டிரம் தானாக வெளியே வரும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் உடையும்.

டிஸ்க் பிரேக்: கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். நகரும் பின்களுக்கு பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும்.

நெருப்பு காட்டிச் சூடாக்க வேண்டாம். ரப்பர் சீல் கருகும், பிரேக் ஆயில் தீப்பிடிக்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

இதுவரை சொன்னவை எல்லாம் பிரேக் ஆயில் பாதையைத் தொடாத வேலைகள். பிரேக் ஆயில் கசிந்தால், உலோகக் குழாய் துருப்பிடித்திருந்தால், காலிப்பர் பிஸ்டன் இறுகியிருந்தால், போல்ட் தலை ரவுண்டு ஆகிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குழாய்க்குள் காற்று புகுந்தால் பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், அல்லது ஏற்றிச் செல்லுங்கள். 'மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்' என்பது மட்டும் கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு, காரை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு

நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் விடுங்கள். மழையில் நனைந்தோ கழுவியோ வந்தால், நிறுத்தும் முன் நாலைந்து முறை பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்குங்கள். கடற்கரை போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை தெருமுனைவரை ஓட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை வராது.