ஆன்லைனில் மசாலா விற்க புரோக்கர் எதற்கு?

அன்னூரில் வீட்டிலேயே பிரியாணி மசாலா, ஊறுகாய் தயாரித்து விற்கும் நம் சகோதரிகள், அடுத்து அமேசான், ஃபிளிப்கார்ட்டில் விற்க விரும்பலாம். பொருளைப் பதிவேற்றப் போனால் 'அனுமதி தேவை' என்று வந்து நிற்கும். "பணம் கொடுங்கள், வாங்கித் தருகிறோம்" என்று புரோக்கரும் வந்துவிடுவார்.

அவர் தேவையில்லை. உணவுப் பொருளுக்கு முதலில் கேட்கப்படுவது எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனைக்காகச் சமைக்கும் வீட்டுக்கும் இது கட்டாயம். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். 2011 விதிகள் சிறு தயாரிப்பாளருக்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். கிடைக்கும் 14 இலக்க எண், எடை, தயாரித்த தேதி, சைவ அல்லது அசைவக் குறியீடு எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கும் அனுப்புவதென்றால் ஜிஎஸ்டி எண்ணும் தேவை.

சிக்கல் வருவது பெயரில்தான். பதிவு கணவர் பெயரில், வங்கிக் கணக்கு மனைவி பெயரில், முகவரி பழைய வாடகை வீடு என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே முகவரி இருக்கட்டும்.

பிற கம்பெனிப் பொருளை வாங்கி விற்பவரிடம் கொள்முதல் பில் கேட்பார்கள். புரோக்கர்கள் போலி பில்லை நுழைப்பது இங்கேதான். பிடிபட்டால் கணக்கு முடங்கும், வரவேண்டிய பணமும் நிற்கும். புரோக்கர் போனை எடுக்கமாட்டார். பொய்யான பில்லில் தொடங்கும் வியாபாரம் ஹலாலா என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கோவையில் உள்ள மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.