அப்பம் எங்கே போச்சு?

ஆபீஸ் நண்பருக்கு சர்ச்சில் கல்யாணம். மொய்க் கவர் சட்டைப் பையில் ரெடி. தாலி கட்டியாச்சு. 'அடுத்தது பிரியாணிதான்' என்று நீங்கள் நிமிர்ந்து உட்காரும்போது முன்வரிசை எழுந்து பீடத்தை நோக்கி நகர்கிறது. உள்ளே இருப்பவருக்கு வழிவிட எழுந்தீர்களோ, போச்சு! க்யூ உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். எதிரே ஃபாதர். அவர் கையில் வெள்ளையாய், வட்டமாய், காசு அளவில் மெல்லிய அப்பம். வாங்குவதா, கும்பிடுவதா, ஓடுவதா?

டென்ஷன் வேண்டாம் ஸார். ஒரு நாட்டின் பிரதமரே இந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்!

2009 ஜூலை 3. கனடாவின் முன்னாள் கவர்னர் ஜெனரல் ரோமியோ லெப்லாங்கின் இறுதிச் சடங்கு, கத்தோலிக்க முறைப்படி. வந்திருந்த பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரோ புராட்டஸ்டன்ட். பேராயர் அப்பத்தை நீட்டினார். பிரதமர் கையில் வாங்கினார். வாங்கியதுவரை வீடியோவில் இருக்கிறது. வாயில் போட்டது இல்லை!

விடுவார்களா? 'கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்' என்று எழுதியது டெலிகிராஃப்-ஜர்னல் என்ற பத்திரிகை. அப்பம் எங்கே போச்சு என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. 'சாப்பிட்டுவிட்டேன்' என்று பிரதமர் தரப்பு சொல்லிப் பார்த்தது. ம்ஹூம்.

ஜூலை 28 அன்று அதே பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. பாக்கெட் சமாசாரத்துக்கு ஆதாரமே இல்லையாம். நிருபர்கள் அதை எழுதவே இல்லையாம். எடிட்டிங்கில் சேர்ந்த மசாலாவாம்! ஆசிரியருக்கு வேலை போயிற்று.

ஒரு துண்டு அப்பத்துக்கு ஏன் இவ்வளவு ரகளை? கத்தோலிக்கர்களுக்கு அது வெறும் மாவுப் பண்டம் இல்லை. பூசையில் அது கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மூரில் அதை வாங்குவதற்கு 'நன்மை வாங்குவது' என்று பெயர். குழந்தை முதல் தடவை வாங்கினால் 'புது நன்மை'. புதுச் சட்டை, விருந்து என்று வீடு களைகட்டும். அதைப் போய் பாக்கெட்டில் போட்டால் மனசு புண்படாதா?

ஆகவே வேற்று மதத்து விருந்தாளி செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். வழிவிட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். புரியாமல் க்யூவில் போய்விட்டாலும் பரவாயில்லை. வாங்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் ஃபாதர் புரிந்துகொள்வார்.

வாரா வாரம் போகிறவர்களே தடுமாறுகிற இடம்தான் இது. 'ஆமென்' சொல்ல வேண்டிய நேரத்தில் சிலருக்கு 'தாங்க்ஸ் ஃபாதர்' என்று வந்துவிடும். ஆபீஸ் பழக்கம்! குட்டி கிளாஸில் திராட்சை ரசம் கொடுக்கிற சர்ச்சுகளில், கோயிலே மௌனமாக இருக்கும் அந்த நொடியில் ஒரு பொடியன் குரல் கேட்கும்: "அம்மா, எனக்கு மட்டும் ஏன் ஜூஸ் தரலை?"

இதெல்லாம் நடக்கும் என்று பெரியவர்களுக்கு முன்பே தெரியும். 1570இல் போப் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட பூசைப் புத்தகத்தில், கோளாறுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ரசக் கிண்ணத்தில் சிலந்தி விழுந்தால்? எடுத்து, ரசத்தால் கழுவி, எரித்துவிடலாம். (குமட்டல் வராது, ஆபத்தும் இல்லை என்றால் குரு அதோடேயே குடித்துவிடலாமாம்!) குளிரில் ரசம் உறைந்துவிட்டால்? கிண்ணத்தைச் சுற்றிச் சூடான துணி. தரையில் சிந்தினால்? நாவால் எடுத்துவிட்டு, அந்த இடத்தையே சுரண்டிவிட வேண்டும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், தவறுகளைச் சரிக்கட்ட எந்த ஆடிட்டரும் இத்தனை துல்லியமாக வழி சொன்னதில்லை.

அவர்கள் யோசிக்காத ஒன்றும் பின்னால் நடந்தது. 1969 ஜூலை 20 அன்று சந்திரனில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின், தன் பிரஸ்பிடேரியன் சபை கொடுத்தனுப்பிய அப்பத்தையும் ரசத்தையும் அங்கே எடுத்துக்கொண்டார். சந்திரனின் ஈர்ப்பு நம் பூமியில் ஆறில் ஒரு பங்குதான். ஊற்றிய ரசம் கிண்ணத்தின் ஓரமாக மெதுவாகச் சுருண்டு ஏறியதாம். அதற்கு எந்தப் புத்தகத்தில் விதி தேடுவது!

கடைசியாக, மறுபடி கனடா. பிரதமர் விவகாரம் நடந்து ஒரு வருஷம். 2010இல், டொரன்டோவில் ஒரு ஆங்கிலிகன் சர்ச்சுக்குப் புதிதாக ஒருவர் தன் நாயோடு வந்தார். நன்மை வாங்க அவர் முன்னால் போக, நாயும் கூடவே போயிற்று. பெண் குருவானவருக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அதற்கும் ஒரு அப்பம் கொடுத்துவிட்டார்! ஒருவர் மனம் புண்பட்டுப் புகார் செய்தார். பிஷப் விசாரித்தார். 'இனி நடக்காது' என்றார் குரு. அதோடு சரி. அந்தப் புது ஆளை யாரும் வராதே என்று சொல்லவில்லை.

பிரதமர் பாக்கெட்டில் போட்டார் என்பதற்கு ஆதாரமே இல்லை. மூன்று வாரம் நாடு அல்லோலகல்லோலப்பட்டது. நாய் நிஜமாகவே தின்றது. ஒரு மன்னிப்பில் சர்ச் விஷயத்தை முடித்துக்கொண்டது. சிந்தினால் துடைப்பதற்கு 1570லேயே வழி இருக்கிறது ஸார். ஊதிப் பெரிசாக்குகிறவர்களுக்குத்தான் இன்னும் யாரும் விதி எழுதவில்லை!