120-க்கு மேலும் இழுக்கும் இன்ஜின்

கார் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவது ஒரே ஒரு எண்தான்: நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி? சிக்னலில் பச்சை விழக் காத்திருக்கும் காருக்கு அது பொருந்தும். ஜெர்மனியின் ஆட்டோபானில் யாரும் பூஜ்யத்திலிருந்து கிளம்புவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஊரும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார், இடது தடத்துக்கு மாறி 120-ஐத் தொட்டாக வேண்டும். அதுவும் பின்னாலிருந்து 200-ல் வருபவர் நெருங்குவதற்குள். பெரிய இன்ஜின் வைத்த பழைய சலூன் கார்களின் அருமை தெரியும் இடம் அதுதான்.

இதற்கு அடிப்படை, பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு கார் பூஜ்யத்திலிருந்து 40-ஐ எட்டச் செலவாகும் ஆற்றலை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே காரை 40-லிருந்து 80-க்குக் கொண்டுபோக 3 பங்கு வேண்டும். 80-லிருந்து 120-க்கு 5 பங்கு. 120-லிருந்து 160-க்கு 7 பங்கு. கூடும் வேகம் ஒவ்வொரு முறையும் அதே 40 கிலோமீட்டர்தான், செலவோ ஒற்றைப்படை எண்களாக ஏறுகிறது. போதாததற்குக் காற்றும் மறிக்கும். வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. ஊருக்குள் துள்ளிப் பாயும் சிறிய கார், நெடுஞ்சாலையில் 120-ஐத் தாண்டியதும் மூச்சு வாங்குவது இதனால்தான்.

1998 முதல் 2003 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரை எடுத்துக்கொள்வோம். ரசிகர்கள் அதை இ39 என்பார்கள். 4.9 லிட்டர் வி8 இன்ஜின், 400 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, ஆறு கியர். எடை 1,800 கிலோவை ஒட்டி. இது 120-ல் சீராக ஓட, தோராயக் கணக்குப்படி 30 குதிரைத்திறன் போதும். மிச்சமெல்லாம் கையிருப்பு.

அந்தக் கையிருப்பை எடுத்துக் கொடுப்பது கியர். ஆறாவது கியரில் 120-ல் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,600 சுற்றுகளே சுற்றும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 160 குதிரைத்திறன் போலத்தான் கிடைக்கும். ஆறிலிருந்து நேராக நான்காவது கியருக்கு இறக்கினால் சுற்று 3,800-க்குத் தாவும். இந்த இன்ஜினின் முறுக்கு விசை உச்சத்தைத் தொடும் சுற்று அதுவேதான். அந்த நொடியில் 270 குதிரைத்திறன் காலடியில் இருக்கும். சுற்று ஏற ஏற அது இன்னும் கூடும். டர்போ கிடையாது என்பதால், மிதித்த பிறகு காற்றழுத்தம் சேரும்வரை காத்திருக்கும் வேலையும் இல்லை.

இதற்கு முன்னோடி மெர்சிடிஸ் 500இ. 5 லிட்டர் வி8 இன்ஜினை நடுத்தர உடலுக்குள் பொருத்தி, சக்கர வளைவுகளையும் அகலப்படுத்தியதில், அந்தக் கார் சிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் நுழையவே இடமில்லாமல் போனது. வேலை போர்ஷேயிடம் போனது. ஒரு காரைக் கட்டி முடிக்கச் சுமார் 18 நாட்கள் பிடித்தன. மொத்தம் வந்தவை 10,479 மட்டுமே.

பிரிட்டனின் லோட்டஸ் கார்ல்டன் இன்னும் முரட்டு ஆசாமி. 3.6 லிட்டர், இரட்டை டர்போ, 377 குதிரைத்திறன், 280-ஐத் தாண்டும் உச்ச வேகம். 1993-ல் வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் பகுதியில் திருடுபோன ஒரு கார்ல்டனை வைத்து ஒரு கும்பல் இரவில் கடைகளை உடைத்து சிகரெட்டும் மதுவும் அள்ளிப் போனது. போலீஸ் வண்டிகள் எதனாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. குடும்பக் காருக்கு இவ்வளவு வேகம் எதற்கு என்று பத்திரிகைகள் கொதித்தன. தயாரானவை 950 கார்கள்தான்.

இவற்றின் விலைப் பாதை விநோதமானது. புதிதில் பெரும் செல்வந்தர்கள் வாங்கினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விலை அதலபாதாளத்துக்குப் போனது. காரின் விலை சரிந்ததே தவிர, உதிரி பாகங்களின் விலை சரியவில்லை. எரிபொருள் செலவும் வரியும் அப்படியே. இரண்டாம் கை, மூன்றாம் கை என வாங்கியவர்கள் சர்வீஸைத் தள்ளிப்போட்டார்கள், பல கார்கள் பழைய இரும்பாகப் போயின. எஞ்சியவை அரிதானதும் விலை திரும்பி ஏறியது. நல்ல நிலையிலுள்ள லோட்டஸ் கார்ல்டன் இன்று, புதிதில் விற்ற 48,000 பவுண்டைத் தாண்டி விற்கிறது. குறைவாக ஓடிய இ39 எம்5 கார்களும் அப்படித்தான்.

ஆனால் மலிவாகக் கிடைப்பவற்றில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 1990-களின் முற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் கார்களின் இன்ஜின் வயர்களைச் சுற்றிய உறை, சூட்டில் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். செம்புக் கம்பி வெளியே தெரியும். 2000-க்கு முந்தைய ஜாகுவார் வி8 இன்ஜின்களில் சிலிண்டரின் உட்பூச்சு கந்தகம் மிகுந்த பெட்ரோலால் அரித்துப்போன கதையும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்ட கதையும் உண்டு. எம்5-ல் செயின் வழிகாட்டிகள் தேயும்.

எனவே, இப்படியொரு காரைத் தேடுபவர் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இருபது ஆண்டு சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன்பக்கம் செயின் சலசலக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ரசீது இல்லாத கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.